நாற்பத்தொரு தட்டு

சென்ற மாதம் என் மனைவியின் ஐம்பதாவது பிறந்த நாளுக்கு ஐம்பது பரிசுகள் கொடுத்தேன். அவளுக்கு நாற்பத்தேழுதான் ஆகியிருந்தது.

எனக்கு ஐம்பத்திரண்டு. அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். எதனால் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. யாரும் என்னைத் திருத்தவில்லை. திருத்துகிற சந்தர்ப்பத்தை நானும் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். குங்குமச் சிமிழ், கொண்டை வலை, காப்பி வடிகட்டி, பூப்போட்ட கைக்குட்டை என்று முப்பத்தெட்டு வரை ஒருவழியாக வந்துவிட்டது. அதற்குமேல் கற்பனை ஓடவில்லை. ஒரு டஜன் ஊக்கு வாங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றிவிட்டேன்.

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பிரித்தாள். கடைசி ஊக்கைப் பிரித்த பிறகு, "எதுக்கு ஐம்பது?" என்று கேட்டாள். சொன்னேன். எழுந்து உள்ளே போனாள். மூன்று நாள் பேசவில்லை. நான் கூட்டிப்போட்ட வருஷம் ஒன்றுக்கு ஒரு நாள். நாலாம் நாள் காலையில் மூன்று ஊக்குகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "இதை இன்னும் மூணு வருஷம் கழிச்சுக் குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றாள்.

சொந்த யோசனையாக இருந்தால் இதை வெளியே சொல்லியிருக்க மாட்டேன். கால் நூற்றாண்டுக்கு முன், ஜப்பான்காரன் ஆட்சியில், ஒருவரைப் பார்த்துக் கெட்டுப்போன பழக்கம் இது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவரை நான் பெயர் சொல்லி நினைத்ததே இல்லை. அத்தான் என்றுதான் நினைப்பேன். அவர் எனக்கு எந்த வழியிலும் அத்தான் இல்லை. ஒரே ஒரு பகல் பொழுதின் தேவைக்காக அவராக உண்டாக்கிக்கொண்ட உறவு. எப்படி உண்டாக்கினார் என்பது பின்னால் வரும்.

தஞ்சோங் பகார் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் அவர் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். பெரிய பெட்டியில் வருவதைச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து அனுப்புவது வேலை. நான் அங்கே கடிதம் எழுதும் குமாஸ்தா. பதினெட்டு வருஷம் பிரித்துப் பிரித்துப் பழகிய கை, வீட்டுக்கு வந்த பிறகும் அடங்கவில்லை. எதையும் அவரால் ஒன்றாகக் கொடுக்க முடியாது. அவர் வீட்டுக்குப் போனால் ஒரு கோப்பைக் காப்பியை மூன்று சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, ஒவ்வொன்றாக நீட்டுவார். மூன்றாவது ஆறிப்போயிருக்கும்.

"ஒண்ணாக் குடுத்தா ஒரு சந்தோஷம் லா. மூணாக் குடுத்தா மூணு" என்பார்.

எனக்கு வேலை நிரந்தரமான செய்தி முதலில் அவருக்குத்தான் தெரிந்தது. திங்கட்கிழமை, "உங்களப் பத்தி ஒரு சேதி இருக்கு" என்றார். செவ்வாய்க்கிழமை, "வேலை சம்பந்தமான சேதி" என்றார். புதன்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சனிக்கிழமை அவர் திரும்பி வருவதற்குள் நான் ஊருக்குக் கப்பல் டிக்கெட் விசாரித்து, பாயைக்கூட ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

மனைவியிடம் இந்தக் குணம் இன்னும் முற்றிப்போனது. அக்காவுக்கு, அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், முப்பது வயது ஆனபோது முப்பது லட்டு வாங்கி வீடெல்லாம் ஒளித்து வைத்து, தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னாராம். இருபத்தெட்டுதான் கிடைத்தன. மற்ற இரண்டையும் எங்கே வைத்தோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது. எறும்புக்கு மறக்கவில்லை. அவருடைய ஒரே கோட்டின் உள்பை வழியாக அவை வரிசை போட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு லட்டு அவர் மனத்தில் பத்து வருஷம் கிடந்தது. "முப்பதுல ரெண்டு கொறைஞ்சுபோச்சு. நாப்பதுல ஒண்ணுகூடக் கொறையாது, நீ பாரு" என்று அன்றே வாக்குக் கொடுத்துவிட்டார். பத்து வருஷம் கழித்துச் சிங்கப்பூரின் பெயர் சியோனான் ஆகும், லட்டு என்பது பெரியவர்கள் நினைவில் மட்டும் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு நடுவில் இன்னொரு காரியம் நடந்துவிட்டது. குண்டு விழுந்துகொண்டிருந்த நாள்களில், ஒரு நாள் சங்கு ஊதியதும் இருவரும் வீட்டுக்குப் பின்னாலிருந்த சாக்கடையில் இறங்கிப் பதுங்கினார்கள். இறங்கும்போது அக்காவின் மூக்குக் கண்ணாடி கழன்று முன்னால் விழுந்தது. அத்தான் அதன்மேல் குதித்தார். அக்காவுக்குப் பார்வை மிகவும் மோசம். அது பாட்டில் அடி போலக் கனத்த கண்ணாடி. அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் நாலு அடி தள்ளி நிற்கிறவர்களின் முகமெல்லாம் அவருக்குப் பிசைந்து வைத்த மாவு உருண்டைதான். எல்லாம் அடங்கிய பிறகு அத்தானின் குதிகாலிலிருந்து சட்டத்தைப் பிடுங்கி எடுத்தார்கள்.

அக்கா அதற்காக ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவால்ல விடுங்க. இப்ப வெளிய பாக்குற மாதிரி ஒண்ணும் இல்ல" என்றாராம். திட்டியிருந்தால் மனிதர் அன்றோடு ஆறியிருப்பார்.

அதற்குப் பிறகு அக்கா என்னை இருமலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார். எனக்கு இருமல் இல்லை. ஆனாலும் வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே போவேன். இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் இருமுகிறேன். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பங்கீட்டில் கிடைத்த அரிசியில் சுண்ணாம்பும் கல்லும் கலந்திருக்கும். அக்கா முறத்தை மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்துக் கல் பொறுக்குவார். சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறித் தும்முவார். கல்லும் அரிசியும் பாரபட்சம் இல்லாமல் பறக்கும். மிச்சம் இருப்பதைக் கல்லோடு பொங்குவார். அத்தானின் கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்துபோயிற்று. அவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. மிதித்தவர் அவராயிற்றே.

புதுக் கண்ணாடி கிடைக்கவில்லை. கடையில் சட்டம் இருந்தால் கண்ணாடி இல்லை. கண்ணாடி இருந்தால் அது அத்தனை கனத்தில் இல்லை. கடைசியில் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு சீனக் கிழவர் சாக்கு விரித்து, யார் யாரோ போட்டிருந்த கண்ணாடிகளைக் குவித்து வைத்திருந்தார்.

"அக்காவக் கூட்டிட்டு வந்தாத்தானே அளவு தெரியும்?" என்றேன்.

"கூட்டிட்டு வந்தா அவளுக்குத் தெரிஞ்சுபோயிடும் லா."

"தெரிஞ்சா என்ன?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு தன் முறையை விளக்கினார். அத்தானுக்குக் கண் நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் விளையாட்டாக மனைவியின் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வாராம். போட்டுக்கொண்டு நடந்தால் சரியாக மூன்றாவது அடியில் தலை சுற்றும். "ரெண்டாவது அடியில சுத்தினா பவர் ஜாஸ்தி. நாலாவதுக்குப் போனா கம்மி. மூணுதான் கணக்கு. பக்கத்துல நில்லுங்க, பிடிச்சுக்கங்க."

சந்தை நடுவில் அவர் ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுக்கொண்டு நடந்தார். நான் கையை விரித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன். எட்டு அடி நிதானமாகப் போனார், கழற்றினார். முதல் அடியிலேயே ஒரு வாத்துக் கூண்டின்மேல் சாய்ந்தார், கழற்றினார். கூட்டம் கூடிவிட்டது. பதினான்காவது கண்ணாடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்தவர் அப்படியே என் மார்பில் விழுந்து, "இதுதான்! அவளேதான்!" என்று கத்தினார். அத்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அலாரம் கடிகாரத்தைக் கிழவரிடம் கொடுத்துக் கண்ணாடியை வாங்கிக்கொண்டோம். ஊரின் மணியை டோக்கியோ மணிக்கு மாற்றிவிட்டதிலிருந்து அது ஒரு நாளும் சரியாக அடிக்கவில்லை. கிழவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முட்களைச் சுழற்றிவிட்டுச் சிரித்தார்.

நேரே வீட்டுக்குப் போய் அக்காவின் முகத்தில் மாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பிறந்த நாளுக்கு இன்னும் இருபத்தொரு நாள் இருக்கே" என்றார். "இதுதான் கடைசிப் பரிசு. முத்தாய்ப்பு. உங்க டிரங்குப் பெட்டியில இருக்கட்டும்."

"மூணு வாரம் அவங்க கல்லும் மண்ணுமாப் பொறுக்கணுமே?"

"ரெண்டு வருஷம் பொறுத்தவ மூணு வாரம் பொறுக்க மாட்டாளா?"

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் அன்றாடம் அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறவன் நியாயம் பேசுவது கடினம். கண்ணாடி என் டிரங்குப் பெட்டியில், வேட்டி மடிப்புக்குள் இருந்தது. ஐந்தாம் நாள் அக்கா தட்டு என்று நினைத்துக் கொதிக்கிற கஞ்சியை என் கையில் ஊற்றினார். "ஐயோ தம்பி, கண்ணு தெரியல, மன்னிச்சுக்கங்க" என்று பதறினார். நான் மன்னிக்கவில்லை; மன்னிக்கிற தகுதி எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். எதிரே அத்தான் கண்ணாலேயே "இன்னும் பதினாறு நாள்" என்றார்.

நாற்பது பரிசுக்கு என்ன செய்வது? கண்ணாடி ஒன்று. பாக்கி முப்பத்தொன்பது. கடைகளில் தூசி மட்டும்தான் தாராளமாகக் கிடைத்தது. அத்தான் கலங்கவில்லை. கொல்லையில் ஒரு மரவள்ளிச் செடி இருந்தது. அதை வேரோடு பிடுங்கினார். அவித்த கிழங்கு ஒரு பரிசு. வறுத்தது ஒன்று. மாவு ஒன்று. அப்பளம் ஒன்று. சேலைக்குப் போடும் கஞ்சிப் பசை ஒன்று. இலைக் கூட்டு ஒன்று. மறுபடி நடுவதற்குக் குச்சி ஒன்று. தோலைக்கூட விடவில்லை, ரோஜாச் செடிக்கு உரமாம். ரோஜாச் செடி இல்லையே என்றேன். "அது ஐம்பதாவது வயசுக்கு" என்றார். அந்த ஒரு செடியிலிருந்து மொத்தம் பன்னிரண்டு பரிசு எடுத்தார்.

பிறகு வாக்குறுதிகள். கிடங்கில் பெட்டிமேல் ஒட்டும் சீட்டுகளின் பின்பக்கத்தில், என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதால் என்னைக்கொண்டே எழுதவைத்தார். "இனிமேல் சேதியைத் தவணையில் சொல்ல மாட்டேன்." "ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பேசும்போது குறுக்கே பேச மாட்டேன்." "வாரம் ஒரு முறை உன் கால் பிடித்துவிடுவேன்." இப்படிப் பத்து.

அதற்கும் மேல் அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. தன் வீட்டிலிருந்தே பொருள்களைக் கடத்த ஆரம்பித்தார். முதலில் சீப்பு. பிறகு அகப்பை. பிறகு சின்னக் குத்துவிளக்கு. அக்கா அலமாரியைத் தடவித் தடவித் தேடுவார். அவை என் அறையில் காகிதத்தில் சுற்றி இருக்கும். "தொலைஞ்சது திரும்பக் கிடைச்சா, புதுசு கிடைச்சதவிட சந்தோஷம் ஜாஸ்தி" என்பது அத்தானின் வாதம். பதினொரு பொருள்கள் காணாமல் போன பிறகு அக்கா, மாடிவீட்டு அம்மாவைச் சந்தேகப்பட்டார். ஒரு நாள் குழாயடியில் வைத்துக் கேட்டும்விட்டார்.

"என் அகப்பை உங்க வீட்டுப் பக்கம் வந்துச்சுங்களா?"

"அகப்பைக்குக் காலா இருக்கு, நடந்து வர்றதுக்கு?" என்றார் மாடிவீட்டு அம்மா. அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

எனவே, உண்மையைச் சொல்லி மாடிவீட்டு அம்மாவை எங்கள் பக்கம் சேர்க்க வேண்டியதாயிற்று. அவர் ஐந்து நிமிஷம் அத்தானைத் திட்டினார். திட்டி முடித்த கையோடு, "எத்தனை தட்டு?" என்று கேட்டார்.

"நாப்பது."

"நாப்பதா? சீர்வரிசைன்னா ஒத்தப்படையிலதான் வரணும். ரெட்டப்படையில யாராவது கொண்டுவருவாங்களா? நாப்பத்தொண்ணு வையுங்க."

அத்தானின் முகம் மலர்ந்தது. பரிசை வெறுமனே கொடுக்காமல் சீராகக் கொண்டுவருவது என்ற எண்ணம் அதுவரை அவருக்குத் தோன்றவில்லை. இனி அதைத் தடுக்க முடியாது. ஆனால் சீர் என்றால் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அக்காவின் பிறந்த வீடு தஞ்சாவூர்ப் பக்கம். கப்பல் நின்று இரண்டு வருஷம் ஆகிறது.

"உங்க அறைதான் அவ பிறந்த வீடு" என்றார் என்னிடம். "நீங்க அவளுக்குத் தம்பி. அப்ப நான் உங்களுக்கு யாரு?"

"யாரு?"

"அத்தான். கூப்பிட்டுப் பழகுங்க. அன்னைக்குத் தடுமாறக் கூடாது."

என் அறை டன்லப் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, படுத்தால் கால் வெளியே நீள்கிற மாதிரி இருந்தது. அவர்கள் வீடு பஃபலோ ரோட்டில். இடையில் சிராங்கூன் சாலையைக் கடக்க வேண்டும். கடக்கும் முனையில் ஜப்பான் காவலாளி துப்பாக்கியோடு நிற்பான். போகும்போதும் வரும்போதும் இடுப்பு வரை குனிந்து வணங்க வேண்டும். ஐந்து பேருக்குமேல் சேர்ந்து போனால் விசாரணை. எனவே ஐந்து பேர்: அத்தான், நான், மாடிவீட்டு அம்மா, அவருடைய தங்கைகள் இருவர். அத்தான் கையை வீசிக்கொண்டு முன்னால் நடப்பார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு தட்டு. பித்தளைத் தட்டுகள் எல்லாம் என்றைக்கோ போய்விட்டன. ஒரு பானை மூடி, ஒரு சிலேட்டுப் பலகை, ஒரு மோட்டார் வண்டிச் சக்கரத்தின் மூடி, ஒரு பிஸ்கட் டின் தகரம். இவை நான்கும்தான் போய்த் திரும்பிப் போய்த் திரும்பின. ஒன்பது நடைக்கு முப்பத்தாறு. கடைசி நடையில் அத்தானும் ஒன்று எடுத்துக்கொண்டால் நாற்பத்தொன்று.

பிறந்த நாளன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினோம். நல்ல வெயில். அக்கா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் இருமினேன். தட்டு ஒவ்வொன்றாக மடிக்கு வந்தது. அக்கா தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். அடுத்ததைத் தொட்டு, "இதுவும் நல்லா இருக்கு" என்றார். உரத்துக்கான கிழங்குத் தோலைத் தொட்டபோது சற்றுத் தயங்கி, "இது ரொம்ப நல்லா இருக்கு" என்றார். தட்டு திரும்ப வேண்டும் என்பதால் சாமானை மூலையில் கொட்டிவிட்டு ஓடினோம்.

வாக்குறுதிச் சீட்டுகளை அவரால் படிக்க முடியாது. அதனால் நான் படிக்க வேண்டும் என்று அத்தான் ஏற்பாடு. "வாரம் ஒரு முறை உன் கால் பிடித்துவிடுவேன்" என்று அக்காவைப் பார்த்து நான் உரக்கப் படித்தபோது, மாடிவீட்டு அம்மாவின் தங்கைகள் இருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர்களில் இளையவளைப் பெண் கேட்கலாம் என்று அப்போது எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அது அங்கேயே முடிந்தது.

காவலாளி முதல் மூன்று நடையைக் கண்டுகொள்ளவில்லை. நாலாவதிலிருந்து எங்களை உற்றுப் பார்த்தான். ஒரே ஐந்து பேர், ஒரே சக்கர மூடி. போகும்போது ஏதோ இருக்கிறது, வரும்போது இல்லை. ஏழாவது நடையில் விரல் விட்டு எண்ணினான். பத்தாவது நடையில் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டி அதட்டினான்.

அந்த நடையில் அத்தான் கையில் கண்ணாடி. அதற்காக மட்டும் எங்கேயோ இரவல் வாங்கிய பீங்கான் தட்டில், கைக்குட்டை போர்த்தி. மாடிவீட்டு அம்மா கையில் அவர் திருடியதாகச் சொல்லப்பட்ட அகப்பை. அதை யார் கையிலும் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. என் கையில் சோப்பு. தேங்காய் எண்ணெயும் சாம்பலும் காய்ச்சி அத்தானே செய்து, வில்லை போட்டது. பார்த்தால் மைசூர்பாகு.

காவலாளி கைக்குட்டையை நீக்கினான். கண்ணாடியை எடுத்தான். அவன் வைத்துக்கொண்டால் இந்த ஊரில் அதைப் போல் இன்னொன்று கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்பே கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் முதல்முறையாக அத்தானுக்கு வந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

காவலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். எங்களைப் பார்த்துச் சிரித்தான். ஓர் அடி வைத்தான். இரண்டாவது அடி வைத்தான். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

இடுப்பு வரை குனிந்திருந்த அத்தான் என் பக்கம் தலையைத் திருப்பி, "பாத்தீங்களா, மூணாவது அடி! சரியான கண்ணாடிதான்!" என்று கிசுகிசுத்தார்.

நான் சிரித்துவிட்டேன். இடக் காதில் ஓர் அறை விழுந்தது. சியோனானில் பலர் பல பெரிய காரணங்களுக்காக அறை வாங்கியிருக்கிறார்கள். நான் வாங்கியது இதற்கு.

காவலாளி கண்ணாடியைச் சூடான பொருளைப் போல் தட்டிலேயே போட்டான். பிறகு சோப்பைப் பார்த்தான். எடுத்து, முகர்ந்து, திருப்தியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போகச் சொல்லிக் கை காட்டினான். அவன் அதைக் கடித்துப் பார்ப்பதற்குள் அந்த முனையைத் தாண்டிவிட வேண்டும் என்பதில் எங்கள் ஐவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

தாண்டி ஒரு கடையோர நடைபாதையில் ஏறியதும் அத்தான் நின்றுவிட்டார்.

"நாப்பதாயிடுச்சு" என்றார்.

"என்னது?"

"சோப்பு போச்சே. நாப்பது. ரெட்டப்படை."

"கண்ணாடி பொழைச்சுதே, அத்தான்!" என்றேன். முதல்முறையாக அந்தச் சொல் தானாக வந்தது.

அவர் காதில் விழவில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பார்வை காலில் நின்றது. நான் மோட்டார் டயரை அறுத்துச் செய்த செருப்புப் போட்டிருந்தேன். பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"சீர் தட்டுல செருப்பா?" என்றார் மாடிவீட்டு அம்மா.

"கழுவிட்டா?" என்றார் அத்தான்.

தெருக்குழாயில் கழுவினார். நான் வெறுங்காலோடு, கொதிக்கிற தார்ச் சாலையில் என் செருப்பை நானே சக்கர மூடியில் ஏந்திக்கொண்டு, குதித்துக் குதித்து அவர்கள் வீட்டுக்குள் போனேன்.

அக்கா செருப்பைத் தொட்டுப் பார்த்து, "நல்ல கனமா இருக்கு" என்றார். அகப்பையைத் தொட்டவர், காம்பின் நுனியில் இருந்த வெட்டை விரலால் தடவினார். கை அப்படியே நின்றது.

"இது என் அகப்பையாச்சே."

"ஆமா" என்றார் மாடிவீட்டு அம்மா. "இப்பச் சொல்லுங்க, யார் எடுத்தது?"

"எடுக்கல. சேத்து வச்சேன்" என்றார் அத்தான். அதற்குமேல் அவர்களைப் பேசவிடாமல் கண்ணாடியை எடுத்து, பின்னாலிருந்து அக்காவின் முகத்தில் மாட்டினார். காதில் ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை, இருமுறை மாட்டினார். பிறகு முன்னால் வந்து நின்று, "நாப்பத்தொண்ணு. எண்ணிக்க. ஒண்ணும் கொறையல" என்றார்.

அக்கா மூலையில் கிடந்த குவியலைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது" என்றார். "இப்படி எலும்பா நிக்கிறீங்க?"

காரணம் எனக்குத் தெரியும்; அன்றாடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அக்கா பரிமாறிவிட்டு உட்கார்ந்ததும் அத்தான் தன் தட்டிலிருந்து பாதிச் சோற்றை எடுத்து அவர் தட்டில் போடுவார். ஒரே தடவையாக அல்ல. மூன்று நாலு தடவையாக, கொஞ்சம் கொஞ்சமாக. அதனால்தான் சோறு கூடுவது அக்காவின் கைக்கும் தெரியவில்லை. இரண்டு வருஷம் அவர் கொடுத்துக்கொண்டிருந்த பரிசு அது. அதை மட்டும் அவர் எண்ணவில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, உங்க செருப்பு எங்க?"

செருப்பு எனக்குத் திரும்ப வரவில்லை. திருப்பிக் கொடுத்தால் நாற்பதாகிவிடும் என்று அத்தான் சொல்லிவிட்டார். அடுத்த நாளிலிருந்து அக்கா எதிரே உட்கார்ந்து, அத்தானின் தட்டு காலியாகும் வரை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சோற்றில் கல் இல்லை. அத்தான் இரண்டு மாதத்தில் கொஞ்சம் சதை பிடித்தார்.

சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு மத்தியான நேரம் சாய்வு நாற்காலியில் அவர் கண்ணை மூடியவர் திறக்கவில்லை. ஐம்பது பரிசுக்கு ரோஜாச் செடி ஒன்று மட்டும் வாங்கி வைத்திருந்தார். அவரிடமிருந்து தவணை இல்லாமல் ஒன்றாக வந்த செய்தி அந்தச் சாவு ஒன்றுதான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அக்காவைப் பார்க்கப் போனேன். வாசலில் இருமினேன். "உள்ள வாங்க தம்பி, எனக்குத்தான் கண்ணு தெரியுதே" என்றார். அதே கண்ணாடி, ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. காப்பி கொடுத்தார், ஒரே கோப்பையில், சூடாக. எனக்கு என்னவோ போல இருந்தது. ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்று அந்த நாற்பத்தொரு தட்டையும், அன்று நாங்கள் பட்ட பாட்டையும் சொல்லிச் சிலாகித்தேன்.

அக்கா கொஞ்ச நேரம் ரோஜாச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கண்ணாடிய மொதத் தட்டுல வச்சிருக்கலாம்ல தம்பி? மத்த நாப்பதையும் பாத்திருப்பேன்."

காப்பியைக் குடித்து முடித்தேன். "அத்தான்கிட்ட இதச் சொன்னீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"சொல்லுவனா? சொல்லியிருந்தா அன்னைக்கே எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயி, மறுபடி மொதத் தட்டுலேருந்து தூக்கிட்டு வந்திருப்பாரு." காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு எழுந்தார். உள்ளே போகுமுன் நின்று, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அவரு சுபாவம் அப்படி. மூணு வாரம் பெட்டியில வச்சுக் காத்தீங்களே, படிச்சவரு, உங்களுக்குமா தோணல?"